சாக்கு

திருப்பூரில இருந்து வந்த பதினெட்டுப் பேர்
வெளிமேசையில இருந்து மலையைப் பார்க்கினம்.
"இங்க காட்டு மிருகம் ஏதும் இருக்குங்ளாண்ணா?"
சீஸ் சட்டியை இறக்கி வைச்சன்.
கை துடைச்சன்.
குரலைத் தாழ்த்தினன்.
தாஹு எண்டு ஒண்டு இருக்கு.

இடப்பக்கக் கால் ரெண்டும் கட்டை,
வலப்பக்கம் ரெண்டும் நெட்டை.
சரிவில நேராய் நிக்கிறதுக்கெண்டு
ஆண்டவன் வெட்டிக் குடுத்த அளவு.
மலையை ஒரே பக்கமாய்த்தான் சுத்தும்.
பின்னால நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டால்
திரும்பும்.
திரும்பினால் உருளும்.
கீழ சாக்கோட ஒருத்தர் நிண்டால் போதும்.

பனியன் கம்பனி முதலாளி ஒருத்தர்
இதைக் கைபேசியில குறிச்சுக் கொள்ளுறார்.
பாவம்.
நானும் பாவமாய் இருந்தனான் ஒருகாலம்.

எவோலேனுக்கு வந்த புதுசு,
கோப்பை கழுவுற வேலை.
பிரெஞ்சில எனக்கு இருபது சொல்,
அதில பதினெட்டு பாத்திரங்களின்ரை பேர்.
சமையல்காரன் காஸ்பார் சொன்னான்:
இந்தப் பள்ளத்தாக்கில காலை வணக்கம் வேறை,
நகரத்து ஆக்கள் மாதிரிச் சொன்னால்
மதாம் கோவிப்பா.
பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாடமாக்கினன்.
மூண்டு கிழமை, ஒவ்வொரு விடியலும்,
கதவைத் துறந்து, தலை குனிஞ்சு,
மதாம் ஃபொலோனியேக்குச் சொன்னன்:
"என்ரை ஆடு சினையாய் இருக்கு."
"நல்லது" எண்டா அவ.
முகத்தில ஒரு நெளிவும் இல்லை.
இருபத்தோராம் நாள் மட்டும்
கோப்பியை நீட்டிக் கேட்டா:
"இன்னும் குட்டி போடேல்லையோ?"

அதுக்குப் பிறகுதான் தாஹு.
காஸ்பார் உருளைக்கிழங்குச் சாக்கைத் தந்தான்.
லூசியன் ஒரு தடியைத் தந்தான்.
நாங்கள் மேல நிண்டு கூப்பிடுவம்,
நீ கீழ நிண்டு பிடி.
படம் கீறிக் காட்டினாங்கள்,
மீசை உட்பட.

பேர்னில, ஒரு மேசைக்கு முன்னால,
ஆறு மணித்தியாலம் உள்ளதை உள்ளபடி சொன்னனான்.
திகதி இடிக்குது எண்டு எழுதினவை.
இவங்கள் ஒரு திகதியும் கேக்கேல்லை,
சப்பாத்து அளவு மட்டும் கேட்டாங்கள்.

மைனஸ் எட்டு.
சாக்கின்ரை வாயை விரிச்சுப் பிடிச்சபடி நிண்டன்.
பதினொரு மணிக்கே விளங்கிட்டுது:
மேல ஒரு சத்தமும் இல்லை,
குசினி யன்னல் சீலை ஆடுது.
சிரிப்பை அமத்திற ஆக்கள்
விளக்கை அணைக்க எப்பவும் மறந்து போவினம்.

திரும்பி வந்திருக்கலாம்.
வரேல்லை.
வந்த ஒன்பது மாசத்தில
எனக்காக ஆரும் இவ்வளவு மினக்கெட்டதில்லை.
நாலு காலுக்கும் அளவெடுத்து, மயிர் முளைக்க வைச்சு,
கட்டி முடிச்ச பொய்.
குளிருக்குள்ள அதைத் தனிய விட்டிட்டு வர
மனம் கேக்கேல்லை.
அறைக்குள்ள போய்ப் படுக்காமல் இருக்க
எனக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

ரெண்டு மணிக்கு,
சாக்கு நிறையப் பனியை அள்ளிப் போட்டு,
சப்பாத்து நாடாவால வாயைக் கட்டி,
முதுகில சுமந்து கொண்டு வந்தன்.
கடிக்கும் எண்டதுக்குச் சொல் தெரியாது.
பல்லைக் காட்டினன்.
லூசியன் ஓரடி பின்னால போனான்.
ஓரடிதான்.
போயிட்டு அவனே வெக்கப்பட்டுச் சிரிச்சான்.

சாக்கை வடக்குச் சுவரில கொழுவினம்.
மார்கழி, தை, மாசி,
ஒருத்தரும் அவிட்டுப் பார்க்கேல்லை.
மதாம் மட்டும் அதைக் கடந்து போகேக்கை
கொஞ்சம் விலகி நடப்பா.

சித்திரையில ஒருநாள்
சாக்கு மெலிஞ்சு தொங்குது.
கட்டு கட்டினபடி.
காஸ்பார் அடியைத் தடவிப் பார்த்தான்,
ஈரம்.
என்னைப் பார்த்தான். சிரிக்கேல்லை.
"எந்தப் பக்கமாய் ஓடினது?"

மலையைப் பார்த்துக் கொஞ்சம் யோசிச்சன்.
"இடப்பக்கமாய்" எண்டன்.
"மற்றப் பக்கம் அதால ஏலாதே."